உள்சக்கரத்துக்கு ஓரணா

பெட்ரோல் பங்க் தொழிலாளர் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு இரண்டு தம்பிகள் வீட்டுக்கு வந்தார்கள். "சிரிக்கிற மாதிரி எழுதுங்கண்ணே. உங்க பேரைப் பார்த்தாலே அதுக்குத்தான் படிப்பாய்ங்க" என்றான் ஒருவன். விஷயம் என்னவென்றால், டயருக்குக் காற்றடிக்க இனிமேல் காசு வாங்கலாமா என்று சில பங்குகளில் யோசனை நடக்கிறதாம். காற்றுக்குமா காசு என்று வண்டிக்காரர்கள் முறைக்கிறார்களாம். "நீங்க யுத்த காலத்துலயே காத்தை வித்தவராச்சே. அதை எழுதுங்க."

விற்றவன்தான். கண்ணுக்குத் தெரியாத, கைக்கு அகப்படாத, தராசில் நிற்காத சரக்கு. அப்படிப்பட்ட வியாபாரத்தை ஒரு வாயாடியிடம் கொடுத்தால் என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது. முதல் பாதியில் சிரித்துக்கொள்ளுங்கள். பின்பாதிக்கு நான் பொறுப்பில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பொறுப்பு நான்தான்.

எனக்குப் பெண் பார்க்கப் பசுமலைக்குப் போனபோது, பெண்ணின் சித்தப்பா மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார். "பெட்ரோல் பங்குல" என்று அப்பா கௌரவமாகச் சொன்னார். "பங்குல என்ன வேலை?" அப்பா பொய் சொல்லத் தெரியாதவர். அந்தக் கலை எங்கள் குடும்பத்தில் என்னிடம்தான் ஆரம்பம். "காத்தடிக்கிறான்" என்றார். சித்தப்பா கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். "இங்க ராப்பகலாச் சும்மாவே அடிக்குது. அதுக்குச் சம்பளமும் குடுக்குறாய்ங்களா?" இருந்தும் பெண்ணைக் கொடுத்தார்கள். என் கன்னத்தில் அப்போது சதை இருந்தது. நல்ல காற்று என்று நினைத்திருப்பார்கள்.

வைகைக்கு வடகரையில், மேலூர் ரோட்டில் இருந்தது எங்கள் பங்க். பழங்காநத்தத்திலிருந்து தினம் சைக்கிளில் ஊரையே குறுக்கே வெட்டிக்கொண்டு போவேன். முதல் நான்கு வருஷம் கார் கழுவினேன், டின் சுமந்தேன், பெட்ரோல் பம்பின் கைப்பிடியைச் சுற்றினேன். பம்பின் தலையில் ஒரு கண்ணாடிக் குடுவை இருக்கும். அதில் பெட்ரோல் ஏறுவதைக் கார்க்காரர் கண்ணால் பார்த்த பிறகுதான் டாங்கியில் இறக்க வேண்டும். பெட்ரோலுக்கு அப்படியொரு சாட்சி இருந்தது. காற்றுக்குச் சாட்சி கிடையாது.

ஒரே ஒரு சாட்சி மானேஜரின் சட்டைப் பையில் இருந்தது. காசிம் ராவுத்தர் என்று பெயர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. எல்லோரையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். திருடிய ஆளை வேலையை விட்டு நிறுத்தும்போதுகூட, "நாளையிலருந்து நீங்க வர வேணாம் தம்பி" என்று எழுந்து நின்றுதான் சொன்னார். காற்றின் அழுத்தம் பார்க்கிற கேஜை ஒரு கைக்குட்டையில் சுற்றி நெஞ்சோடு வைத்திருப்பார். கார் வந்து நின்றால் வேட்டியை மடித்துக்கொண்டு அவரே உட்காருவார். வால்வு மூடியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைப்பார். அது தரையில் படக்கூடாது. வால்வின் வாயை ஒரு தடவை துடைப்பார். கேஜை வைத்து முள்ளைப் பார்ப்பார். எத்தனை பவுண்டு என்று கார்க்காரருக்குச் சொல்வார். பிறகு நான் அடிப்பேன். மறுபடியும் கேஜ். மறுபடியும் கார்க்காரருக்குச் சொல்வார். கடைசியில் எச்சிலை விரலில் தொட்டு வால்வில் வைத்து, குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டு மூடியைப் போடுவார். நான்கு சக்கரத்துக்கும் ஸ்டெப்னிக்கும் இதே பூஜை. "அஞ்சாவது சக்கரம் சும்மாதானே தொங்குது, மானேஜர்" என்று ஒருமுறை சொன்னேன். "ஆபத்துக்குத் தொங்குது தம்பி" என்றார். அவர் முன்னால் என் வேடிக்கை அதோடு சரி.

பெட்ரோல் போடுகிறவருக்குக் காற்று இலவசம். அதுதான் வழக்கம். யுத்தம் வந்ததும் வழக்கம் தலைகீழாயிற்று. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. பஸ்கள் எல்லாம் கரிக்கு மாறின. பஸ்ஸின் முதுகில் ஆள் உயர இரும்புப் பீப்பாய், அதற்குள் கங்கு; அந்தக் கரி வாயுவில்தான் எஞ்சின் ஓடும். கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே கிளீனர் விசிறியைச் சுற்ற வேண்டும். கரி பஸ் பெட்ரோல் போடாது. ஆனால் அதற்கும் சக்கரம் இருக்கிறதே. எங்கள் காற்று மிஷினோ பெட்ரோலில் ஓடுகிற எஞ்சின். அதை ஓட்டக் கூப்பன் இல்லாததால் துணி போட்டு மூடிவிட்டு, இடுப்புயரப் பித்தளைக் கைப்பம்பை வெளியே எடுத்தார்கள். கைப்பம்பு என்றால் நான் என்று அர்த்தம். இளைத்துப்போன பஸ் சக்கரம் ஒன்றை நிமிர்த்த இருநூறு குத்து குத்த வேண்டும். கரி பஸ்ஸுக்குச் சக்கரம் ஒன்றுக்கு ஓரணா என்று போர்டு எழுதி மாட்டினார் ராவுத்தர். என் தோளைப் பார்த்து இரக்கப்பட்டு, ஒவ்வோர் அணாவிலும் காலணா எனக்கு என்றும் சொன்னார்.

கேஜ் உடைந்தால் யுத்தத்தில் வேறு கிடைக்காது. அதனால் அது கார்களுக்கு மட்டும் என்று ஆனது. பஸ் சக்கரத்துக்கு என் காதுதான் கேஜ். ஒரு இரும்புக் கம்பியால் தட்டுவேன். நிறைந்த சக்கரம் ‘டங்’ என்னும். காற்று இறங்கியது ‘தொப்’ என்னும். தட்டிச் சொல்வது இலவசம், அடிப்பதற்குத்தான் காசு. இந்த ஏற்பாட்டில் இருக்கிற ஓட்டை உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். எனக்கு இரண்டாவது நாளே தெரிந்துவிட்டது.

பஸ்ஸுக்குப் பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம், ஒட்டி ஒட்டி. வெளிச்சக்கரத்தை டிரைவர் காலால் உதைத்தே பார்த்துவிடுவார். உள்சக்கரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அடியில் நுழைய வேண்டும். எவர் நுழைவார்? ஆகவே உள்சக்கரம் என் வயல். சக்கரங்களுக்குக் குடும்பப் பெயர் வைத்திருந்தேன். வெளிச்சக்கரம் மாமியார், உள்சக்கரம் மருமகள். மாமியார் ஊருக்குத் தெரிய நிற்பாள், மருமகள் உள்ளே இருந்து பாரம் சுமப்பாள். கம்பியை உள்ளே விட்டுத் தட்டிவிட்டு, "அண்ணே, மருமக பட்டினி" என்பேன். பஸ்ஸே சிரிக்கும். டிரைவர் ஓரணாவை எடுப்பார். ஏற்கெனவே டங்கென்று நின்ற சக்கரத்துக்குப் பேருக்குப் பத்துக் குத்து குத்துவேன். காலணா எனக்கு.

திருவாதவூர் பஸ்ஸை ஓட்டிய வேலுச்சாமி அண்ணன்தான் என்னைப் பிடித்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், காக்கிச் சட்டையில் ஒரு கறை இருக்காது. ஒருநாள் நான் வழக்கம்போல மருமகள் பட்டினி என்றதும், "நெசமாவா மாப்ள?" என்றார். "நெசமாத்தாண்ணே. நீங்களே குனிஞ்சு பாருங்க" என்றேன், குனிய மாட்டார் என்ற தைரியத்தில். மனிதர் சட்டையைக் கழற்றி ஸ்டியரிங்கில் மாட்டிவிட்டு அடியில் நுழைந்துவிட்டார். உள்ளேயிருந்து டங் டங் என்று சத்தம் வந்தது. புழுதியோடு வெளியே வந்தார். "பட்டினி கெடந்தவ வயிறா இது? ஏழாம் மாசம் மாதிரி இருக்கு." அன்று பஸ் சிரித்த சிரிப்பு ஒத்தக்கடை வரை கேட்டிருக்கும். நானும் சிரித்தேன். அவர் மானேஜரிடம் சொல்லவில்லை. அவ்வளவு நல்ல மனுஷர்.

அதற்குப் பிறகு அது எங்களுக்குள் ஒரு சடங்காகிவிட்டது. பஸ் வந்து நின்றதும் நான் தட்டுவேன். "மருமக பட்டினிண்ணே." "அவ என்னைக்குச் சாப்பிட்டா?" "நெசமாத்தாண்ணே." "நேத்தும் நெசமாத்தான் சொன்ன." பயணம் செய்கிறவர்கள் அதைக் கேட்கவே காத்திருப்பார்கள். அதில் காசும் இல்லை, ஏமாற்றும் இல்லை, வெறும் சிரிப்பு. உண்மையில் காற்றுக் குறைந்தால் அவரே வெளிச்சக்கரத்தை உதைத்துப் பார்த்து, இதுக்கு அடி, அதுக்கு அடி என்று சொல்லிவிடுவார்.

அன்று வெள்ளிக்கிழமை. ராவுத்தர் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். உச்சி வெயில். திருவாதவூர் பஸ் நிறையச் சனத்தோடு வந்து நின்றது. ஜன்னலோரம் ஒரு அம்மா, மடியில் புதுப் பித்தளைக் குடத்தை வைத்துக் கட்டிப்பிடித்திருந்தார். வேலுச்சாமி அண்ணன் முன்சக்கரம் இரண்டுக்கும் அடிக்கச் சொன்னார். அடித்தேன். பிறகு சடங்குக்காகக் கம்பியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். வலப்பக்கம் மாமியாரும் மருமகளும் டங்கென்றார்கள். இடப்பக்கம் வெளிச்சக்கரம் டங். அது பழைய டயர், உள்ளே இன்னொரு டயரின் துண்டைப் பட்டையாக வைத்துத் தைத்தது. புது டயருக்குப் பெர்மிட் வாங்குவதற்குள் யுத்தமே முடிந்துவிடும். கம்பியை உள்ளே விட்டேன்.

தொப்.

இன்னொரு தடவை தட்டினேன். தொப்.

முன்னால் வந்து, என்ன செய்தேன் தெரியுமா? "அண்ணே, இடது பக்கத்து மருமக பட்டினி" என்றேன். அதே குரல், அதே ராகம். என்னிடம் வேறு ராகம் இல்லை.

பஸ் சிரித்தது.

"அவ என்னைக்குச் சாப்பிட்டா?" என்றார் வேலுச்சாமி அண்ணன்.

"நெசமாத்தாண்ணே."

"நேத்தும் நெசமாத்தான் சொன்ன."

"இல்லண்ணே, இன்னைக்கு நெசமாவே."

"அட, புதுசா ஒண்ணு சேத்துருக்கான்" என்று குடத்து அம்மா பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தார். "மாமியா கொடுமை தாங்காம மெலிஞ்சுட்டா போல."

எனக்கு அதற்கு மேல் சொல் இல்லை. சத்தியமா என்று சொல்லலாம். அதையும் முன்பே அவர் தலையில் அடித்துச் சொல்லியிருக்கிறேன். குனிந்து பாருங்கள் என்று சொல்லலாம். அதைச் சொல்லித்தான் மாட்டினேன். உண்மைக்கு என்று இருந்த வார்த்தைகளையெல்லாம் காலணாக் காலணாவாகச் செலவழித்துவிட்டிருந்தேன்.

வார்த்தை இல்லாவிட்டால் என்ன, கை இருந்ததே. பேசாமல் பம்பை இழுத்துக்கொண்டு போய் இருநூறு குத்து குத்தியிருக்கலாம். கேட்க மானேஜரும் இல்லை. நான் யோசித்தேன் என்பதையும் மறைக்க மாட்டேன். வெயிலைப் பார்த்தேன். முன்சக்கரம் இரண்டுக்குக் குத்திய தோள் வலித்தது. காசு இல்லாமல் இருநூறு குத்தா என்று தோன்றியது. அவருக்கே அக்கறையில்லை, நமக்கென்ன என்றும் தோன்றியது. கம்பியால் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்" என்றேன்.

இரட்டைச் சக்கரத்தில் ஒன்று இளைத்துவிட்டால் மற்றது இரண்டு பேர் பாரத்தையும் சுமக்கும். நல்ல டயர் என்றால் சூடாகி, ஊர் போய்ச் சேர்ந்துவிடும். தைத்த டயர் சேராது.

ராவுத்தர் தொழுகை முடிந்து வந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, சைக்கிளில் வந்த ஒருவர், "திருவாதவூர் பஸ் வாய்க்கால்ல கெடக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பெட்ரோல் போட வந்திருந்த கார்க்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார். யானைமலையைத் தாண்டி, திருவாதவூர் ரோட்டில் திரும்பி, வாய்க்கால் கரைக்குப் போனோம். தண்ணீர் விடாத மாதம். காய்ந்த வாய்க்காலில் பஸ் இடது பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பின்னால் இருந்த பீப்பாய் பிளந்து, கங்கு பஸ்ஸுக்குள் கொட்டியிருந்தது. பக்கத்து வயல்காரர்கள் தூரத்துக் கிணற்றிலிருந்து வரிசையாக நின்று தண்ணீர் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மண்பானை, ஒரு தகர டின், அப்புறம் அந்தப் புதுப் பித்தளைக் குடம். அது நெளிந்து, கரி பிடித்து, கைமாறி வந்து, காலியாகி, மறுபடி போனது. குடத்துக்குச் சொந்தக்காரர் வேலிக்கருகில் தலை வரை சேலையால் மூடப்பட்டுக் கிடந்தார். அவரோடு இன்னும் இரண்டு பேர்.

வேலுச்சாமி அண்ணன் கரையில் உட்கார்ந்திருந்தார். ஆட்களை இழுத்ததில் இரண்டு கையும் முழங்கை வரை வெந்திருந்தது. என்னைப் பார்த்தார். நானும் வரிசையில் போய் நின்றுகொண்டேன். குடம் என் கைக்கு நாலைந்து தடவை வந்தது.

மூன்றாம் நாள் பஸ்ஸை இழுத்து வந்து போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில் போட்டார்கள். வண்டிகளைச் சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் என்னை வரச்சொல்லியிருந்தார்.

"நீதானே தட்டிச் சொல்றவன்?"

"ஆமாங்க."

"தட்டு."

கம்பியை உள்ளே விட்டுத் தட்டினேன். ‘தொப்’ என்றது. முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"என்ன சொல்லுது?"

"காத்து இல்லைங்க."

"டிரைவர்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேங்க."

அவர் எழுதிக்கொண்டார். இதற்கு முன்னால் எத்தனை தடவை சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எச்சரித்தும் கேட்காமல் ஓட்டி மூன்று உயிரைக் கொன்றதாக வேலுச்சாமி அண்ணன் மேல் கேஸ். ஜெயில் நிச்சயம், எவ்வளவு நாள் என்பதுதான் பாக்கி என்று கோர்ட்டு வராந்தாவில் பேசிக்கொண்டார்கள். அவர் கையில் கட்டோடு கூண்டில் நின்றார். காத்து இல்லை என்று இவன் சொன்னானா என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"சொன்னாப்ல சார்."

"பிறகு ஏன் கேட்கவில்லை?"

"தினமும் சொல்வாப்ல சார். வெளையாட்டுக்கு. அன்னைக்கும் வெளையாட்டுன்னு நெனைச்சுட்டேன்." அதைக் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அவ்வளவுதான்.

மாஜிஸ்திரேட் என் பக்கம் திரும்பினார். "விளையாட்டுக்கு அப்படிச் சொல்கிற வழக்கம் உண்டா?"

என் வீட்டுக்காரிக்கு அப்போது நிஜமாகவே ஏழாம் மாதம். ராவுத்தர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். உண்டு என்று சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் காலணாவைச் சொல்ல வேண்டும். காலணாவைச் சொன்னால் வேலை போகும். கூண்டுக்குள் அவர் பக்கத்தில் எனக்கும் இடம் கிடைக்கலாம்.

"இல்லீங்க" என்றேன்.

என் ஆயுளில் நான் சொன்ன பொய்களில் மிகச் சின்னது அது. யாரும் சிரிக்காத பொய்யும் அது ஒன்றுதான்.

ஒரு வருஷம் தண்டனை, லைசென்ஸ் ரத்து.

ராவுத்தர் என்னைப் பங்குக்குக் கூட்டி வந்தார். வந்ததும் நாற்காலியில் உட்காராமல் நின்றார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்து, கேஜை என் கையில் வைத்தார்.

"கோர்ட்டுல நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு" என்றார். அவரிடம் வேலை பார்த்த காலத்தில் என்னை ‘நீ’ என்றது அன்று ஒருநாள்தான். "காத்துக்குக் காசு வாங்குறது பாவமில்ல. காத்து இல்லைன்னு சொல்ற வாய்க்கு நான் காசு குடுத்தேன் பாரு, அது என் தப்பு. இனிமே நீ சொல்லாத. முள்ளு சொல்லட்டும்."

காலணாவை அன்றோடு நிறுத்தினார். அதற்குப் பதிலாகச் சம்பளத்தில் இரண்டு ரூபாய் கூட்டினார். கார், பஸ், லாரி எது வந்தாலும் எல்லாச் சக்கரத்துக்கும் கேஜ் வைத்து, முள்ளை டிரைவர் கண்ணுக்கு நேராகக் காட்ட வேண்டும் என்றார். உள்சக்கரத்துக்கு நான் மண்ணில் படுத்து நுழைய வேண்டும். ஓய்வு பெறும்வரை நுழைந்தேன். இந்த வயதில் என் முதுகு வளைந்திருப்பதற்கு மருத்துவர் வேறு காரணம் சொல்கிறார். தம்பிகளே, காற்றுக்குக் காசு வாங்குவதா வேண்டாமா என்பதில் எனக்கு அபிப்பிராயம் கிடையாது. அடிக்கிறவன் தோள் வலிக்கத்தான் செய்யும். வாங்குவதென்றால் முள்ளைக் காட்டிவிட்டு வாங்குங்கள்.

யுத்தம் முடிந்து, மாட்டு வண்டிகளுக்கு லாரியின் பழைய சக்கரத்தை மாட்ட ஆரம்பித்த சமயம். ஒருநாள் காலை மணல் ஏற்றிய டயர் வண்டி ஒன்று பங்குக்குள் திரும்பியது. ஓட்டி வந்தவரை முதலில் அடையாளம் தெரியவில்லை. சட்டை இல்லை. தோளில் துண்டு. மூக்கணாங்கயிற்றை விரலால் பிடிக்காமல் மணிக்கட்டில் சுற்றியிருந்தார். விரல்கள் மடங்கவில்லை.

"காத்து இருக்கான்னு பாரு" என்றார் வேலுச்சாமி அண்ணன். மாப்ள என்று சொல்லவில்லை.

அவர் முன்னால் மண்டியிட்டேன். அந்த ‘இல்லீங்க’வைத் திருப்பி வாங்கிக்கொள்ள என்னென்னவோ வாக்கியம் தயாராக வந்து, வாயில் நின்றது. என் வாயிலிருந்து வந்தால் அதெல்லாம் எப்படிக் கேட்கும் என்று எனக்கே தெரிந்திருந்தது. வால்வு மூடியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தேன். துடைத்தேன். கேஜை வைத்தேன். இரண்டு சக்கரமும் சரியாக இருந்தன.

"சரியா இருக்குண்ணே. அடிக்க வேணாம்" என்று சொல்லி, கேஜை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன்.

அவர் முள்ளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், சிரிக்கிறேனா என்று. நான் சிரிக்கவில்லை. பிறகு துண்டைக் கீழே விரித்து, வண்டிக்கு அடியில் குனிந்து, அந்த மடங்காத கையால் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக் கேட்டார். கேட்டுவிட்டுத்தான் மாட்டை ஓட்டினார்.